பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே

எங்கள் பள்ளியின் பின்கட்டில் ஒரு பண்டக அறை உண்டு. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், பொருட்பதிவேட்டைச் சரிபார்ப்பதற்காக அதனைத் திறந்தேன். கரையான் அரித்த மேசைகளுக்கு நடுவே, பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு தொலைக்காட்சி இருந்தது. பக்கத்தில் மை உறைந்துபோன சைக்ளோஸ்டைல் பொறி. அதற்கப்பால், ஒளிபுகும் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ஓவர்ஹெட் புரொஜெக்டர். அதன்மேல் திறக்க மறுக்கும் மடிக்கணினி ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நாள் சந்தனப் பொட்டிட்டுச் சூடம் காட்டி வரவேற்கப்பட்டவை. "இவற்றையெல்லாம் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாமா, ஐயா?" என்று பொறுப்பாசிரியை கேட்டார். மற்றவற்றிற்குத் தலையசைத்தேன். அந்தத் தொலைக்காட்சிக்கு மட்டும் இன்றுவரை மனம் இசையவில்லை.

தமிழ்ப்பள்ளியும் தொழில்நுட்பமும் என்னும் பொருளில் எழுத அமர்ந்தபோது, அந்த அறைதான் முதலில் நினைவுக்கு வந்தது. கருவிகளின் சிறப்பைப் பற்றி எழுத என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். எங்கள் பள்ளியிலேயே இளம் ஆசிரியர் நால்வர் இருக்கின்றனர். ஆயினும், ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த பிழையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன்.

நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நான் தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 1976-இல். அப்பொழுது எங்கள் பள்ளியிலும் அப்பெட்டி ஒன்று வந்திருந்தது. அதன் கதவைத் திறக்கும் சாவி தலைமையாசிரியரின் இடுப்பில் தொங்கும். நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையை வாய்பிளந்து பார்த்திருப்போம். பாடம் எவ்வளவு மண்டையில் ஏறிற்று என்று இன்று சொல்லத் தெரியவில்லை. திரைக்குள் இருந்தவர் வினாக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பார். நாங்கள் கூவி விடை சொல்வோம். அவரோ நாங்கள் சொன்னது சரியா தவறா என்று பாராமலே "நன்று" என்பதுபோல் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. தவறான விடைக்கும் சிரிக்கும் ஆசிரியர் வேறு எவரும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

வாய்த்தவர் எங்கள் தலைமையாசிரியர். பள்ளியை ஒட்டிய வீட்டிலேயே குடியிருந்தார். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, கைவிளக்கோடு அவரும் ஓரமாக வந்து நிற்பார். என் தந்தையார் பால்வெட்டு உளியும் வாளியுமாக நிற்கும் இடத்திற்குப் போய், "ஒம் மகன் ஏழாம் வாய்ப்பாடு வந்தா நொண்டுறானப்பா" என்று சொல்லிவிட்டு நகர்வார். நான் பாயைச் சுருட்டுமுன்பே என் குற்றம் என் வீட்டிற்குத் தெரிந்துவிடும். தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாள்களில் மாலையில் லயத்திற்கே வந்துவிடுவார். என் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது, கைநாட்டு வைப்பவர். எனவே, எங்கள் வீட்டு அஞ்சடியில் அமர்ந்து அறிக்கையை வரிவரியாக அவருக்குப் படித்துக் காட்டியபின்புதான் மைத்தட்டை நீட்டுவார். நல்ல மதிப்பெண் வந்த பாடங்களை அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். கணக்குப் பாடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சிறுவனாயிருந்தபோது அதனை அவருடைய தொண்டைக் கோளாறு என்றே எண்ணியிருந்தேன்.

தோட்டங்கள் கலைந்தன. தென்கெடாவில் ரப்பர் மரங்கள் சாய்ந்த இடங்களில் செம்பனையும், செம்பனை சாய்ந்த இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் முறைவேலைக்குப் போயினர். நானோ 1990களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அங்கே பயிற்றுத் துணைப்பொருள்களுக்கு இருந்த மதிப்பைச் சொல்லி மாளாது. ஒளிபுகும் தாளில் நான்கு நிற மையால் இலையின் பாகங்களை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டி, விரிவுரையாளரின் பாராட்டையும் பெற்றேன். கற்பித்தல் பயிற்சியின்போது பின்வரிசையில் அமர்ந்து மதிப்பிடுவோர், துணைப்பொருள் இல்லாத பாடத்தைப் பாடமாகவே கொள்ளமாட்டார்கள். ஒரு தாயிடம் அவள் பிள்ளையின் குறையை எப்படிச் சொல்வது என்பதற்கு அங்கே ஒரு மணி நேரமேனும் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. ஒதுக்கியிருந்தாலும் அன்றைக்கு நான் அதில் அக்கறை காட்டியிருப்பேனா என்பதும் ஐயமே. எனக்கு வண்ண மைகளின்மீதுதான் மோகம்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அவற்றோடு மடிக்கணினியும் படமெறியும் கருவியும் குறுவட்டுகளும் வகுப்பறைக்குள் வந்தன. திரையில் கோள்கள் சுழன்றன, எரிமலைகள் குமுறின. பிள்ளைகள் மகிழ்ந்தனர் என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும், அதுவரை அறிவியல் பாடநூலைப் புரட்டிப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்கு, படி பார்ப்போம்" என்று கேட்கும் பெற்றோர் சிலரேனும் இருந்தனர். அந்த ஆண்டுகளில் அவர்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டனர். கருவி வந்ததும் ஆங்கிலம் வந்ததும் ஒரே நாளில் நேர்ந்தமையால், கணினி என்பதே தங்களுக்கு வேண்டாத பிறர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் எங்கள் வட்டாரத்துத் தாய்மார் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்ற மட்டும் அறிவிப்பு எதுவும் வரவில்லை.

வீட்டுக்குச் செய்தி அனுப்புவது அப்பொழுது தாளில்தான். சுற்றறிக்கை புத்தகப்பையின் அடியில் மசிந்து, வாரக்கணக்கில் கிடக்கும். ஒரு மாணவனின் பையைக் கவிழ்த்தபோது, மூன்று ஆண்டுகளின் விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்கள் வரிசையாக விழுந்தன. கைப்பேசி வந்தபின் குறுஞ்செய்தி அனுப்பினோம். அதிலோ தமிழ் எழுத்து இல்லை. உரோமன் எழுத்தில் தமிழை அனுப்பினால், அதனைப் படிக்கும் துன்பத்திற்கு அஞ்சி எவரும் படிப்பதில்லை. மலாயில் அனுப்பினால் அரசாங்கக் கடிதமென்று ஒதுக்கிவிடுவர். 1980களிலேயே கணினிக்கு முரசு மென்பொருளைத் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறன், 2005-இல் செல்லினத்தையும் கொண்டுவந்தார். தமிழ் எழுத்தில் எழுதிய அறிவிப்பை முதன்முதலாக ஒரு தந்தையின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலை ஒரு சிறு திருவிழாவே கொண்டாடினோம். அந்தத் தந்தையின் கைப்பேசியில் அது வெறும் கட்டங்களாகத் தெரிந்தது என்பதை மறுநாள்தான் அறிந்தோம். அதன்பின் சில ஆண்டுகளில் திறன்பேசிகள் பெருகின, கட்டங்களும் எழுத்துகளாயின.

அடுத்து வந்தது புலனம். வாட்ஸ்அப் என்று உலகம் சொல்வதை நாம் இந்நாட்டில் அப்படி அழைக்கிறோம். வகுப்புக்கொரு குழு; பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கொரு குழு; தலைமையாசிரியர்களுக்கு மாவட்ட அளவில் ஒன்று, மாநில அளவில் ஒன்று. காலை வணக்கப் படங்களில் பூத்துக் குலுங்கிய மலர்களைப் பறித்திருந்தால், பள்ளி ஆண்டு விழாவுக்கு மாலை வாங்கும் செலவு மிஞ்சியிருக்கும். அவற்றினிடையே, "நாளை தடுப்பூசி, பிள்ளைகளைக் காலையுணவு உண்ணச் செய்து அனுப்புக" என்ற செய்தி புதைந்துபோகும். ஆயினும் ஒரு நன்மை இருந்தது. செய்தி படிக்கப்பட்டதற்கு அடையாளமாக நீலக் குறி இரண்டு விழும். எத்தனைபேர் படித்தனர், எத்தனை மணிக்குப் படித்தனர் என்றெல்லாம் அது காட்டும். எல்லாப் பெயர்களும் நீலத்தின்கீழ் வந்து சேர்வதைக் காணும்போது, பள்ளிக்கும் வீட்டுக்கும் பாலம் போட்டுவிட்டோம் என்று எனக்குள் ஒரு நிறைவு தோன்றும்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றை ஆசிரியர்களாகிய உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் கல்வியமைச்சு எடுத்த ஆய்வில், மாணவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் கருவி எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அவ்வெண்ணைச் செய்தித்தாளில் படித்தபோது, அது யாரோ தொலைவிலுள்ள பிள்ளைகளைப் பற்றியது போலவே எனக்குப் பட்டது. எங்கள் பள்ளியில் கணக்கெடுத்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. 'கைப்பேசி உண்டு' என்று குறித்திருந்த வீடுகளிலும், அந்த ஒரே கைப்பேசி விடியலில் தந்தையின் சட்டைப்பையில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்பிற்று. திரும்பும்போது அதில் மின்னூட்டமும் இல்லை. மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்தனர். காலை ஒன்பது மணிக்கு நேரலை வகுப்பு நடத்திய எங்கள் ஆசிரியைகள், இருபத்தேழு பேருள்ள வகுப்பில் எட்டு முகங்களைப் பார்த்தபடி பாடம் நடத்தினர்.

2021 சனவரியில் பள்ளிகள் மீண்டும் இல்லிருப்புக் கற்றலோடு தொடங்கின. பதிவுகள் கேட்கப்பட்டன: எத்தனைபேர் இணைந்தனர், எத்தனைபேர் பயிற்சியை அனுப்பினர், அனுப்பாதோர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர் என்று. மூன்றாவது கட்டத்தை நிரப்புவதற்கு எனக்கு ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் இரவு, நான்காம் ஆண்டு வகுப்பில் இரண்டு வாரமாகப் பயிற்சி அனுப்பாத ஒன்பது பிள்ளைகளின் பெயர்களை அழகாகப் பட்டியலிட்டு, சிவப்பு நிறம் தீட்டி, வகுப்புக் குழுவில் நானே பதிவேற்றினேன். வகுப்பாசிரியை, "தனித்தனியாகச் சொல்லலாமே, ஐயா" என்றார். "எல்லாரும் பார்த்தால்தான் உறைக்கும்" என்று அவருக்கு விடை சொன்னேன். நீலக் குறிகள் மளமளவென்று விழுந்தன. மறுநாளே நான்கு பிள்ளைகளின் பயிற்சிகள் வந்தன. என் முறை பலித்தது என்று பெருமிதம் கொண்டேன். அன்றிரவே ஓர் எண் குழுவிலிருந்து வெளியேறியிருந்தது. அது யாருடையது என்று கேட்டறிந்து, அப்பிள்ளையின் பெயருக்கெதிரே 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். அந்த மூன்று சொற்களும் என் கையெழுத்தில் அக்கோப்பில் இன்றும் இருக்கின்றன.

மார்ச்சில் பள்ளி திறந்தது. அந்தச் சிறுவன் வரவில்லை. முதல் வாரம் அச்சத்தால் பலரும் வரவில்லையாதலின் பொறுத்திருந்தோம். இரண்டாம் வாரமும் வரவில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால் அது பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு பெண்குரல் சொல்லிற்று. மூன்றாம் வாரம் வகுப்பாசிரியையையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டைத் தேடிப் போனேன். மலிவு விலை அடுக்குமாடி, மின்தூக்கி ஓடவில்லை. நான்காம் மாடி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கிற்று. கதவைத் திறந்தவர் அவனுடைய பாட்டியார். முகக்கவசத்தோடு நின்ற என்னைக் கள்ளக்குடியேறியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றதும், "வாத்தியாரையாவா? வாங்க, வாங்க" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார். நாற்பது ஆண்டுக்காலம் பால்மரம் வெட்டிய கை என்பது அந்த விரல்களைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை இவை. சிறுவனின் தந்தை சரக்குந்து ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள்கள் வெளியூரில். தாய் கையுறைத் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அவளுடையது. நான் அந்தப் பட்டியலை அனுப்பிய இரவில், அவள் வேலையிடத்தில் உணவு இடைவேளையில் இருந்திருக்கிறாள். அதே வகுப்பில் பிள்ளையுள்ள மற்றொருத்தி, அதே மேசையில், கைப்பேசியை அவளிடம் நீட்டி, "இது ஒம் பையன் பேருதானே?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அப்பொழுதே குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். மாத இறுதியில் எண்ணையும் மாற்றிவிட்டாள். பள்ளி திறந்தபின், "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோட போறது? வேற பள்ளிக்கு மாத்திரலாம்" என்று சொல்லி, மகனை வீட்டிலேயே வைத்திருந்தாள்.

பாட்டியார் உள்ளே போய், சாமி படங்கள் இருந்த தட்டிலிருந்து இரண்டு பயிற்சிப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு நாளும் தேதி இட்டிருந்தான். பேனா மை தீர்ந்த இடத்திலிருந்து பென்சிலுக்கு மாறியிருந்தான். தமிழும் கணிதமும் ஏறக்குறைய முழுவதும் இருந்தன; மற்றவை விட்டுவிட்டு இருந்தன. பின்னத்தில் எல்லாக் கணக்கும் தவறு. ஒரே வகையான தவறு. திருத்துவார் எவருமில்லாமையால், அந்தத் தவறையே பதினொரு பக்கம் முயற்சியோடு செய்திருந்தான்.

"புள்ள எழுதிச்சு சாமி. படம் புடிச்சு அனுப்பணுமாம். அந்தப் போனுல காசு இல்ல; காசு போட்டா அவ வேலைக்குப் போயிடுறா" என்றார் பாட்டியார். பிறகு, என்னைக் குற்றஞ்சாட்டும் தொனி சிறிதுமின்றி, ஐயம் கேட்பவர்போல் கேட்டார்: "நாங்க தோட்டத்துல இருந்தப்ப வாத்தியாரு வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போவாரு. இப்பல்லாம் ஆபீசு பலகையில பேரு ஒட்டுற மாதிரி ஒட்டிடுவீங்களாமே, அப்படித்தானா?"

என் பக்கத்தில் நின்ற ஆசிரியை தலை கவிழ்ந்துகொண்டார். அவர் தடுத்ததை நான் கேட்கவில்லை என்பதை அவர் அப்பொழுதும் சொல்லவில்லை, பின்னரும் சொன்னதில்லை. எனக்கோ, எங்கள் அஞ்சடியில் அமர்ந்து கணக்கு மதிப்பெண் வந்ததும் குரலைத் தாழ்த்திய அந்தப் பழைய தலைமையாசிரியரின் முகம் கண்முன் நின்றது. அவருக்குத் தொண்டைக் கோளாறு எதுவும் இருந்ததில்லை.

அந்தத் தாயை மறு சனிக்கிழமை பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. மகனை அனுப்பினாள். குழுவில் மட்டும் அவள் மீண்டும் சேரவில்லை. சேரும்படி நானும் வற்புறுத்தவில்லை. புதிய எண்ணை வகுப்பாசிரியையிடம் மட்டும் கொடுத்தாள்.

அதன்பின் எங்கள் பள்ளியில் சிலவற்றை மாற்றினோம். குழுக்களில் எந்தப் பிள்ளையின் பெயரும், நல்லதற்கேயாயினும், வருவதில்லை. இந்தக் கடைசி வரம்பைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. போட்டியில் வென்ற பிள்ளையைப் பாராட்டினால் என்ன கேடு என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வென்றவர் பட்டியல் வரும் நாளில், அதில் இல்லாத பெயரைத் தேடும் ஒரு தாய் இருக்கிறாள் என்பது மட்டுமே என் விடையாக இருந்தது. அவர் அதனை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. மேடையில் பரிசு கொடுக்கும்போது பெயரை மூன்றுமுறை கூவி, அவர் தம் குறையைத் தீர்த்துக்கொள்கிறார்.

மற்றொன்று, குரல் பதிவு. வாரத்தின் கடைசிப் பள்ளி நாளாகிய வியாழக்கிழமை மாலையில், வகுப்பாசிரியர் ஐந்தாறு பெற்றோருக்குத் தனித்தனியே, ஒரு நிமிடத்திற்கு மேற்படாமல், தமிழில் பேசி அனுப்புவார். அடுத்த வாரம் வேறு ஐந்தாறு பேர். இப்படி மாதத்திற்கொருமுறை எல்லா வீட்டுக்கும் சுற்று வந்துவிடும். பிள்ளை அந்த மாதம் செய்த ஒன்றையேனும் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்பது மட்டுமே ஏற்பாடு. 'நன்றாகப் படிக்கிறான்' என்பது செல்லாது. 'செவ்வாயன்று நீட்டலளவைக் கணக்கை மூன்று வழியில் செய்து காட்டினான்' என்பது செல்லும். முதலில் ஆசிரியர்கள் முணுமுணுத்தனர். குற்றம் சொல்ல ஆயிரம் கண்டெடுக்கும் நமக்கு, குறிப்பாக ஒரு நல்லதைச் சொல்வதற்குப் பிள்ளையை ஒரு வாரம் உற்றுப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த உற்றுப் பார்த்தலில் வேறு பலவும் தெரியவந்தன. பின்னத்தில் தடுமாறிய நம் சிறுவன், கரும்பலகையிலிருந்து எண்களைத் தவறாகப் பெயர்த்தெழுதுவதை வகுப்பாசிரியை அப்படித்தான் கண்டுபிடித்தார். அவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. திரையில் பாடம் நடந்த மாதங்களில் அது எவர் கண்ணிலும் பட்டிருக்க வழியில்லை.

குரல் பதிவிலும் நீலக் குறி உண்டு. ஒலிவாங்கியின் சிறு வடிவம் நீலமானால் கேட்டுவிட்டனர் என்று பொருள். நான் இப்பொழுது அதனைப் பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய்யாகும். பார்க்கிறேன். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் சில நீலமாகின்றன. தொழிற்சாலையின் ஓய்வறையில் காதோடு கைப்பேசியை ஒட்டிக்கொண்டு ஒரு தாய் கேட்கும் காட்சியை எண்ணிக்கொள்வேன்.

கருவியே இல்லாத வீடுகளுக்கு, பயிற்சித் தாள்களைக் கட்டி வாயிற்காவலர் குடிலில் வைத்தோம். அங்கு வரவே மாட்டார்கள் என்று நினைத்த பெற்றோர் வந்தார்கள். அலுவலகத்திற்குள் நுழையத் தயங்குகிறவர்களுக்குக் காவலர் நண்பராயிருந்தார். அந்த ஆண்டில், வசதி குறைந்த மாணவர்கள் 150,000 பேருக்கு மடிக்கணினியும் இணையத் தொடர்பும் வழங்கும் செர்டிக் திட்டத்தில் நாடு முழுவதும் 500 பள்ளிகள் இடம்பெற்றன. அவற்றுள் எங்கள் பள்ளி இல்லை. முன்னாள் மாணவர்கள் சிலர் தம் பழைய கைப்பேசிகளைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தனர். அவற்றுள் ஒன்றில் பழைய காதற்செய்திகள் அழிக்கப்படாமல் இருந்தன. உரியவரை அழைத்து ஒப்படைத்தேன். அவர் சிவந்த சிவப்பை நான் மறக்கமாட்டேன்.

பள்ளிகள் வழக்கநிலைக்குத் திரும்பியபின் இத்தொல்லைகள் ஓய்ந்துவிடும் என்று எண்ணினேன். வேறொன்று தலைதூக்கிற்று. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதில் எத்தனை குறைகள் இருந்தாலும், 'ஏழு ஏ', 'ஐந்து ஏ' என்னும் கணக்கு எங்கள் வட்டாரத்துப் பெற்றோர் அனைவருக்கும் விளங்கிற்று. இப்பொழுது வகுப்புசார் மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை தருகிறோம். அறிக்கை கணினியில் உருவாகி, அச்சாகி, அழகாகவே வருகிறது. "ஒன்றாம் நிலையா? அப்ப எம் மகதான் வகுப்பில முதலா?" என்று மகிழ்ச்சியோடு கேட்ட தந்தைக்கு, ஒன்று என்பது கடைநிலை என்று நான் விளக்கவேண்டியிருந்தது. அதனைத் திரை விளக்காது. ஆண்டிறுதியில் பெற்றோர் வரும் நாளில், அறிக்கையைக் கையில் கொடுக்குமுன் படித்துக் காட்டுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அண்மையில் இளம் ஆசிரியர் ஒருவர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய செய்தியொன்றை என்னிடம் காட்டினார். பிழையற்ற தமிழ். 'தங்கள் செல்வத்தின் கற்றல் பயணத்தில்' என்று தொடங்கி, ஒரு தாயிடம் அவள் மகன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதை எட்டு வரிகளில் பதமாகச் சொல்லியிருந்தது. என்னால் அவ்வளவு நயமாக எழுத முடியாது. "இதை அவங்க படிச்சா, இது நீங்க எழுதினதுன்னு நம்புவாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அழித்தார். மாலையில் தாமே கூப்பிட்டுப் பேசினார். அரைமணி நேரம் பேசினாராம். அதில் பத்து நிமிடம் அந்தத் தாய் அழுதாளாம். வேலை நேரத்திற்குப் பிறகு அரைமணி நேரம் என்பது ஓர் ஆசிரியருக்குச் சிறிய செய்தியன்று. இரவு ஒன்பது மணிக்குமேல் எந்தப் பெற்றோருக்கும் விடை சொல்லவேண்டாம் என்று நான் கட்டளையிட்டிருக்கிறேன். அதனை அதிகமாக மீறுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சிறுவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தங்கை எங்களிடம் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். சென்ற மாதம் பெருமழை பெய்து பள்ளித் திடலில் நீர் தேங்கியது. மறுநாள் பள்ளி வழக்கம்போல் நடைபெறும் என்று நண்பகலிலேயே எல்லாக் குழுக்களிலும் தமிழிலும் மலாயிலும் எழுதி அனுப்பிவிட்டேன். நீலக் குறிகள் நிறைந்திருந்தன. இரவு ஒன்பதரை மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து பதினேழு வினாடிக் குரல் பதிவு ஒன்று வந்தது. லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுவதைப் போன்ற உரத்த குரல்.

"வாத்தியாரையா, நாந்தான் நாலாவது மாடிக் கெழவி. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? எழுதிப் போட்டிருக்கீங்கன்னு அடுத்த வீட்டுல சொன்னாங்க. எனக்கு எழுத்து தெரியாது. நீங்க வாயால சொல்லுங்க."

ஒலிவாங்கியை அழுத்திக்கொண்டு, "உண்டும்மா" என்று தொடங்கினேன்.